கிரவுண்டுக்கு வந்த உப்புத் தார்ப்பாய்

எங்கள் ஊர் கிரிக்கெட் கிரவுண்டுக்குக் கிழக்கே உப்பளம். அதற்குக் கிழக்கே காற்று. ஃபைனல் மேட்ச் பாதியில் வானம் இருட்டிக்கொண்டு வந்ததும், மண் பிட்ச்சை மூட ஒரு பெரிய தார்ப்பாய் தேவைப்பட்டது. உப்பளம் வைத்திருக்கும் என் அக்கா வீட்டுக்காரரிடம் கேட்டோம். கொடுத்தார். எங்களை நம்பாமல் கூடவே அவரும் வந்தார்.

உப்புக் குவியலை மூடி மூடிப் பழகிய மனிதர். உப்புத் தண்ணீரில் நனைந்த நைலான் கயிறு வழுக்கும் என்பதால், அங்கே கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் இழுப்பார்கள். பாய்க்கு அடியில் உப்பு மலை மாதிரி இருப்பதால் காற்று நுழைய இடமில்லை. இங்கே அடியில் இருந்தது புல். அதுவும் அங்கங்கேதான்.

"மாமா, கயித்த சுத்தாதீங்க. தூக்குச்சுன்னா விட்டுடணும்" என்றேன்.

"விடறதுக்கா எடுத்தாந்தேன்?" என்றார். பாய் அவருடையது. வழக்கம்போலக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்.

காற்று வரும் பக்கத்து ஓரத்தில் முதலில் மணல் மூட்டைகளை வைத்துவிட்டு, பாயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். நாங்கள் முழுசாகப் பிரித்துவிட்டு, மூட்டை எங்கே என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பாய் எழும்பியது. எல்லோரும் விட்டுவிட்டோம். மாமாவால் முடியவில்லை. கயிறு இறுகி, அவரை பவுண்டரி வரை இழுத்துப் போனது.

"டேய், பாய் மேல வுழுங்கடா!" என்று கத்தினேன். அந்த டோர்னமென்ட்டில் எங்கள் பையன்கள் ஒழுங்காக டைவ் அடித்தது அப்போதுதான். கயிற்றை அறுத்தபோது அவர் வலது கை நீலமாகியிருந்தது.

"ஒண்ணும் தெரியலடா, மரத்துப்போச்சு" என்றார். உப்பு வாரும் சீசன். அந்தக் கையை நம்பித்தான் அக்கா வீடு.

எலும்பு முறியவில்லை, உணர்ச்சி திரும்புகிறதா என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அக்கா அந்தக் கையை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. வெளியே மழையும் வரவில்லை.

நடுநடுவே விரலைக் கிள்ளி, "தெரியுதா?" என்பாள்.

"இல்ல."

கடைசியில் ஒரு கிள்ளுக்கு மாமா துள்ளினார். "யம்மா! வலிக்குதுடி!"

"நெஜமாவா?"

"உயிரு போவுது."

அப்புறம்தான் அக்கா அழுதாள். அழுதுகொண்டே மாமாவைத் திட்ட ஆரம்பித்தாள், என்னையும் சேர்த்து. வசவு வர வர எனக்குச் சந்தோஷமாக இருந்தது.