ஒப்பராவில் ஓர் ஒற்றுப்பிழை

1975 ஆகஸ்ட் 9, சனிக்கிழமை. காலை ஆறரைக்கு எழுந்தேன். கொடியில் கிடந்த துணிகள் மெல்பன் குளிர்காலப் பனியில் விறைத்திருந்தன; உள்ளே கொண்டுவந்து கதிரைகளில் விரித்தேன். மத்தியானத்துக்குப் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தேன். பதினொரு மணிக்கு வேலியருகே போனேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மையார் தொப்பியும் கம்பளிச் சால்வையுமாகக் காத்து நின்றார். அன்று மாலை ஸ்பிரிங்வேல் மண்டபமொன்றில், இத்தாலியக் குடும்பங்களின் இசைக்கூட்டத்தில் அவர் பாட வேண்டும்.

அவருக்கு வயது எண்பது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து ஓர் ஒப்பராக் குழு, அதாவது இசைநாடகக் குழு, கப்பலில் வந்து சிட்னியிலும் மெல்பனிலும் பருவம் பருவமாக நடித்தது. கூட்டப்பாட்டுக்கு இங்கேயே பெண்களைச் சேர்த்தார்கள். பதினேழு வயதில் அவரும் சேர்ந்தார். ஓரிரவு நாடோடிப் பெண், மறு இரவு கன்னியாஸ்திரி, அதற்கடுத்த இரவு அரசியின் தோழி. அந்நாளில் சிட்னி ரயிலின் தண்டவாளம் வேறு அகலம், மெல்பன் ரயிலின் தண்டவாளம் வேறு அகலம். எல்லையில் இறங்கி, அட்டைக் கிரீடங்களையும் மர ஈட்டிகளையும் குளிரில் ஆளுக்கொன்றாகச் சுமந்து அடுத்த ரயிலில் ஏற்றினார்களாம். அதை அவர் சொல்லும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கும்.

"'போவோம், போவோம்' எண்டு கால் மணித்தியாலம் பாடுவம். ஒரு அடி நகரமாட்டம்" என்று ஒருநாள் சிரித்தார்.

"எங்கட ஆக்கள் 'போட்டு வாறம்' எண்டு சொல்லிப்போட்டு வாசல்லையே நிக்கிற மாதிரி" என்றார் என் கணவர்.

ஆனால் பாடிய மொழி அவருக்குத் தெரியாது. பாட்டு ஆசிரியர் கைத்தடியால் தரையில் தட்டித் தட்டி ஒலியை மட்டும் ஊட்டினார், பொருள் சொல்லவில்லை. தெலுங்குக் கீர்த்தனையைப் பொருள் தெரியாமல் பத்து வருடம் பாடியவள் நான். அதனால் எனக்கு அது விந்தையாகப் படவில்லை. இத்தனை ஆண்டுகளாக ஒரு சொல்லும் சிந்தாமல் வைத்திருந்தாரே, அதுதான் விந்தை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை இருவருமாக மரக்கறிக் கடைக்குப் போனபோது, இத்தாலியக் கடைக்காரியின் முன் அவர் மெல்லப் பாடிக் காட்டினார். ஊரார் கூடிப் புத்தாண்டு வாழ்த்தும் பாட்டு. ஒரு சொல் வந்ததும் கடைக்காரி முகம் சிவந்து, முட்டைக்கோசுப் பெட்டிக்குப் பின்னால் குனிந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின.

"அன்னோ எண்டால் வருசம்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்கள் சொல்றது அனோ. அது... மாதாவே, நான் சொல்லமாட்டன்." பிறகு என் காதில் மட்டும் சொன்னாள். உடம்பில் நாம் உட்காரும் பக்கத்தில் இருக்கும் உறுப்பு. இதற்கு மேல் நானும் எழுதமாட்டேன்.

திரும்பி வரும் வழியில் அம்மையார் என்னிடமிருந்து அதைக் கேட்டு வாங்கிவிட்டார். மரக்கறிப் பையை நடைபாதையில் இறக்கி வைத்தார். பிறகு, "அந்தப் பருவம் முழுக்க அதைத்தானோ பாடினனான்? வாத்தியார் திரும்பி நிண்டு தோளைக் குலுக்குவார். உருகி அழுகிறார் எண்டெல்லோ நினைச்சனான்" என்றார். அடுத்து, "சனிக்கிழமை அந்தச் சனம் சிரிச்சால் நான் இனி வாயே திறக்கமாட்டன்."

சிக்கல் என்னவென்றால், அவர் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. ஆங்கிலத்தில் மெய்யெழுத்தை இரட்டித்து எழுதுவார்கள்; இரட்டித்து ஒலிப்பதில்லை. எங்களுக்கோ இது பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த ஒற்று. ஆகவே வேலிக்கு இப்புறம் நின்று, "கனி, கன்னி" என்று சொல்லிக் கொடுத்தேன். 'ன்' வரும்போது நாக்கை மேலே ஒட்டி, ஒரு கணம் அங்கேயே இருக்கவிட வேண்டும். அவர் திருப்பிச் சொன்னார்: கனி, கனி, கனி. வியாழன் பின்னேரம்தான் முதல் 'கன்னி' வந்தது.

புல்வெட்டும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்தார். "என்னப்பா, எண்பது வயசிலை அவவுக்குக் கன்னிப் பட்டம் குடுக்கிறீரோ?"

"நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நடந்த கடைசிப் பயிற்சியில் பத்துக்கு ஏழு முறை சரியாக வந்தது. மற்ற மூன்றை நினைத்துக்கொண்டே, பருப்பை விடாமல் கணவருக்குச் சோறு போட்டு வைத்தேன்.

மாலை மண்டபம் நிறைந்திருந்தது. அம்மையார் நீலச் சட்டையில், பக்கவாத்தியம் இல்லாமல், கைகளைக் கட்டி நின்று தொடங்கினார். குரல் மெலிந்திருந்தது, சுருதி அசையவில்லை. அந்தச் சொல் நெருங்கியதும் கடைக்காரி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அம்மையார் கண்ணை மூடினார். 'ன்'னில் நின்றார். தேவைக்கு மேலாகவே நின்றார், கச்சேரியில் கார்வை கொடுப்பதுபோல. பிறகு 'னோ'.

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைக் கிழவர்கள் அடுத்த அடியைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். மண்டபம் முழுவதும் பாடியது. நடுவில் நின்ற அம்மையார், அந்தக் குழுவின் மேடையில் எப்படி நின்றிருப்பார் என்று எனக்கு அப்போது தெரிந்தது. முடிந்ததும் எல்லோரும் அவரைச் சூழ்ந்து இத்தாலிய மொழியில் விடாமல் பேசினார்கள். அவர் அரசியின் தோழிபோலத் தலையசைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை நான் முகம் கழுவுமுன்பே பின்கதவு தட்டப்பட்டது. இரவு உடுப்பின்மேல் கோட்டு மாட்டி அம்மையார் நின்றார்.

"எனக்குப் பதினொரு ஒப்பரா பாடம்" என்றார். "மிச்சத்திலை என்னென்ன சொல்லிக்கொண்டு திரிஞ்சனானோ தெரியாது. சந்தேகமானதைக் கடைக்காரியிட்டைக் கேப்பம். முதலாவதைக் கேளும்."

தேநீர்க் கேத்திலை அடுப்பில் வைக்காமலே, குசினிக் கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டேன்.