சிவப்பு காட்டியவன்

எழுபதுகளில் கடற்படைக் கப்பலொன்றின் மேல்தளத்தில் எனக்கு டெக் வேலை. இரவில் ஹெலிகாப்டர் இறங்கும்போது இரண்டு கைகளிலும் விளக்குக் கோல்களோடு பைலட்டின் கண்ணெதிரே நிற்க வேண்டும். பச்சை காட்டினால் இறங்கலாம். சிவப்பைத் தலைக்குமேல் குறுக்காக ஆட்டினால் திரும்பிப் போய்விட வேண்டும். டெக்கில் மற்ற விளக்குகள் மங்கலாகத்தான் எரியும், வெளிச்சம் கூடினால் பைலட்டுக்குக் கண் கூசும். அவர் நம்புவது என் கைகளைத்தான்.

அன்றைக்கு அந்தமானின் ஹேவ்லாக் தீவில் காடு வெட்டிக்கொண்டிருந்த ஒருவரின் தொடைமேல் மரம் சாய்ந்துவிட்டது. போர்ட் பிளேர் மழையில் மூடிக் கிடந்தது. பக்கத்தில் டாக்டரோடு இருந்தது எங்கள் கப்பல்தான். அடிபட்டவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் வருவதற்குள் இருட்டிவிட்டது.

கடல் மோசமாக இருந்தது. டெக் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வதற்குள் மறுபக்கம் சாய்ந்தது. ஹெலிகாப்டரின் சக்கரம் டெக்கைத் தொட ஓர் ஆள் உயரம்தான் இருக்கும், சிவப்பை ஆட்டினேன். மேலே எழும்பிச் சுற்றி வந்தது. மறுபடியும் சிவப்பு.

பின்னால் நின்ற அதிகாரி கத்தினார்: “அந்தர் மரீஸ் ஹை!”

உள்ளே நோயாளி இருக்கிறார் என்பது எனக்கும் தெரியும். மூன்றாம் முறை டெக் ஒரு கணம் நிலைத்தது. பச்சை காட்டினேன், இறங்கியது.

ஸ்ட்ரெச்சரை இறக்கியதும் டாக்டர் நோயாளியின் கழுத்தில் விரல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து விரலை எடுத்துவிட்டு, போர்வையை இழுத்து முகத்தை மூடினார்.

தமிழ் தெரிந்தவன் என்று அந்த அம்மாவோடு என்னை உட்காரச் சொன்னார்கள். அழுகை இல்லை.

“அந்தச் செகப்பு வெளக்கு ஆட்டுனது யாருண்ணே?”

“நான்தாம்மா. கப்பல் ஆடிச்சு. எறங்கியிருந்தா கவுந்து எல்லாரும் போயிருப்பீங்க.”

“மொத தடவ வெளிச்சம் தெரிஞ்சப்ப அவருக்கு நெனவு இருந்துச்சு. வந்துட்டமான்னு கேட்டாரு. வந்துட்டோம்னேன். ரெண்டாவது தடவ கேக்கல.”

பிறகு டாக்டரிடம் போய், முதல் முறையே இறங்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். “அதைக் கேட்காதே” என்றார்.

நான் செய்தது சரி என்றே எல்லோரும் சொன்னார்கள், அதிகாரியும்தான். சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வாரம், கடல் அசையாமல் கிடந்த இரவில், பச்சை காட்டத் தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கிவிட்டேன். பைலட் இறங்காமல் அப்படியே காத்திருந்தார். விளக்குகளை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு இன்ஜின் அறைக்கு மாற்றல் கேட்டேன். ஓய்வு பெறும்வரை கப்பலின் அடியிலேயே வேலை பார்த்தேன்.