ரங்கூன் கட்டுக்குள் இருந்த கொழும்பு லேபிள்கள்

1964ஆம் ஆண்டு ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. விருதுநகரில் நான் இலக்கியம் பயின்ற கல்லூரியின் வகுப்பறையில் எங்கள் பேராசிரியை ஒரு செய்தி சொன்னார். ஆசிய நாடுகளின் இலக்கியத்தை விருப்பப் பாடமாகச் சேர்க்க வேண்டுமென்று அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை மூவர் குழு வரும். அதைப் படிக்க இந்த ஊரில் என்ன ஆதாரம் உண்டு என்று கேட்கும். திருப்தி இல்லையென்றால் பாடம் கிடையாது.

நூலகத்தில் இங்கிலாந்துக்கு நான்கு அலமாரிகள் இருந்தன. பர்மாவுக்கும் இலங்கைக்கும் ஒரு தட்டுகூட இல்லை. வகுப்பில் வாய் திறவாத நான், "திருத்தங்கல்ல எங்க மாமா அச்சாபீசுல அந்த நாட்டு எழுத்துல லேபிளெல்லாம் இருக்கு, மிஸ்" என்று சொல்லிவிட்டேன்.

மாமா அங்கே ஃபோர்மேன். வெளிநாட்டு ஆர்டர்களுக்கு ஊதுபத்தி, பவுடர் டப்பா லேபிள்கள் அச்சடிப்பார்கள். "எம்புட்டு வேணுமோ எடுத்துக்கோ, தாயி. லேபிளை வச்சா காலேஜுல பாடம் நடத்துறாக?" என்று சிரித்தார். ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று மேலுறையில் எழுதியிருந்த கட்டுகளிலிருந்து எடுத்து அட்டைகளில் ஒட்டினேன். ஒவ்வொன்றின் கீழும் நாட்டின் பெயரை மையால் எழுதினேன். பிழையே இராது என்று நம்பினேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பறையில் குழுவினர் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமா அனுப்பிய இன்னொரு கட்டுடன் அச்சகத்தில் லேபிள் வெட்டும் பெண் வந்தார். என் வயதுதான். ரங்கூனில் பிறந்து, அந்த ஆண்டுதான் குடும்பத்துடன் கப்பலேறி வந்தவர். முதல் அட்டையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இது பர்மா எழுத்துன்னு யாரு சொன்னாக? கொழும்புக்கு நாந்தான வெட்டுனேன்! சிங்களம்!"

"கட்டுல ரங்கூன்னு போட்டிருந்துச்சே..."

"நல்லாப் படிச்சீக! ரங்கூன் ஆர்டர்தான் நின்னுபோச்சே. பழைய உறையை வீணாக்காம கொழும்பு லேபிளுக்குச் சுத்திட்டோம்."

மூவரும் என்னைப் பார்த்தனர். பேராசிரியையின் முகம் வாடியது. பாடம் போய்விட்டது என்றே நினைத்தேன். அட்டையைக் கவிழ்த்து வைத்துவிடலாமா என்றும் தோன்றியது. ஆனால் பேனாவை எடுத்து, எல்லோர் முன்னும் 'பர்மா' என்பதை அடித்து 'இலங்கை' என்று எழுதினேன். பிறகு அந்தப் பெண்ணிடம், "உங்களுக்குப் பர்மா எழுத்துப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நான் பள்ளிக்கூடம் போனதே அங்கனதானே!"

தாம் கொண்டுவந்த கட்டைப் பிரித்து, ஒரு பழைய பவுடர் லேபிளை உரக்கப் படித்தார், பொருள் சொன்னார், தம் தெருக் கடைக்காரி அதைக் கூவி விற்ற விதத்தை நடித்தும் காட்டினார். குழுத் தலைவர் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். பத்து நிமிடத்துக்கு வந்தவர்கள் மாலை வரை கேள்வி கேட்டார்கள். புறப்படும்போது தலைவர் பேராசிரியையிடம், "ஆதாரம் இருக்கான்னு கேட்க வந்தோம், அம்மா. நீங்க ஆசிரியையையே காட்டிட்டீங்க. பாடத்தைத் தொடங்குங்க" என்றார். வகுப்பே மேசையைத் தட்டியது, நானும் தட்டினேன்.

நிச்சயம் என்று எண்ணி எழுதிய ஒரு சொல்லை என் கையாலேயே அடித்த அந்த நொடியில்தான் என் படிப்பு தொடங்கியது என்று இன்றும் நினைக்கிறேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருத்தங்கல் சென்று, அச்சு இயந்திரம் ஓடத் தொடங்குமுன், அந்தப் பெண்ணிடம் பர்மிய எழுத்துகளில் முதல் மூன்றைக் கற்றுக்கொண்டேன்.