நடுவில் நிற்க ஓர் ஆள்

பஸ் டிப்போவில் அவருக்கு இருந்த பெயர் டைம் கீப்பர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. தெருவில், கடையில், சொந்தக்காரர்கள் நடுவில்கூட அவர் டைம் கீப்பர்தான். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், ஒன்று வெளியே போகாமல் இன்னொன்று உள்ளே வரக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்த மனிதர். இரண்டு வண்டிகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றால் அவருக்குப் பொறுக்காது. மனிதர்கள் விஷயத்திலும் அப்படித்தான். வாக்குவாதம் வரும் என்று தோன்றுகிற இரண்டு பேரை ஒரே நாளில் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்.

அவர் மனைவிக்கு முழங்கால் மடங்காமல் போனபோதுதான் வீட்டுக் குளியலறையை மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தது. வீட்டில் இருந்தது ஒரே குளியலறை, அதற்குள்ளேயே தரையோடு தரையாகப் பதித்த பழைய கழிப்பறை. அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவாள். முகத்தில் வலி தெரியாமல் துடைத்துக்கொண்டுதான் வெளியே வருவாள். ஒரு நாள் உள்ளேயிருந்து "என்னங்க, ஒரு கை குடுங்களேன்" என்று கூப்பிட்டாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தூக்கிவிட்டு வெளியே வந்தவர், அன்றைக்கே தீர்மானித்தார். பழையதை எடுத்துவிட்டு உட்காருகிற மாதிரி கோப்பை வைக்க வேண்டும், பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும், வழுக்காத தரை வேண்டும்.

யாரை வைத்துச் செய்வது என்பதில்தான் சிக்கல். அவர் மனைவியின் தம்பியே கட்டட காண்ட்ராக்டர். ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். மகள் போனில் சொன்னாள்:

"அப்பா, பேசாம மாமாகிட்ட விட்டுடுங்க. நீங்க எதுக்கு அலையணும்?"

"நூறு பஸ்ஸை ஓட்டினவன்மா நான். நாலு ஆளை ஓட்டத் தெரியாதா?"

"நீங்க எங்கப்பா ஓட்டினீங்க? டிரைவர்தான் ஓட்டினாரு."

 அவர் மச்சினனிடம் போகாததற்குக் காரணம் மனைவிக்குத் தெரியும். தம்பி தொழிலில் கால் வைத்த புதிதில், குடும்பமே கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டைம் கீப்பர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி போட்டார். "காண்ட்ராக்டர்னா என்ன வேலை தெரியுமா? கல்லைத் தூக்கறவன் ஒருத்தன், காசு குடுக்கறவன் ஒருத்தன். இவன் நடுவுல நிப்பான். நிக்கறதுக்குக் கூலி." இலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்க அவன் வருவது அத்தான் டிப்போவில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான்; அவர் ஓய்வு பெற்ற பிறகு போனோடு சரி. டைம் கீப்பருக்கு அது புரியாமல் இல்லை. இரண்டு வண்டிகள் முட்டாமல் ஓடுகின்றன என்ற அளவில் அவருக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

இப்போது அவனிடம் போய் நின்றால், அந்த மத்தியானத்தைத் திரும்ப எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மெல்ல வேண்டும். அதற்கு அவர் தயாராக இல்லை. "நானே பார்த்துக்கறேன்" என்றார்.

பார்த்துக்கொண்டார். கொத்தனாரைத் தனியாகப் பேசினார், பிளம்பரைத் தனியாகப் பேசினார், டைல்ஸ் ஒட்டுகிறவரைத் தனியாகப் பேசினார். அட்டை ஒன்றில் கட்டம் போட்டு, யார் எந்த நாள் என்று சிவப்பு மையில் எழுதிக் கூடத்தில் மாட்டினார். ஒருவர் வேலையை முடித்துச் சாமான்களை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அடுத்தவருக்கு வாசல் திறக்கும். கொத்தனார் ஒரு தடவை கேட்டார்:

"சார், பிளம்பர் யாரு? வந்தா ஒரு வார்த்தை பேசிக்கலாம்."

"அவர் டயம் வரும்போது அவர் வருவார். நீங்க உங்க வேலையைப் பாருங்க. ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா பேச்சுதான் வளரும்."

கொத்தனார் பழைய கழிப்பறையைப் பெயர்த்து, தரையை இடித்து, புதுத் தரை போட்டார். தண்ணீர் வடிகிற ஓட்டை எப்போதும் போல வாசலை ஒட்டிய மூலையில் இருக்கப் போகிறது என்று எண்ணி, தரையை அந்தப் பக்கமாகச் சரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு பிளம்பர் வந்தார். "சார், இந்த மூலையில கோப்பைக்கான குழாய் வருது. ஓட்டையை அந்த ஜன்னல் பக்கம் மாத்திடவா?" என்று கேட்டார். டைம் கீப்பர் ஒரு நிமிஷம் யோசித்து, "தாராளமா" என்றார். பிளம்பர் ஜன்னல் மூலையை மட்டும் கொத்தி, ஓட்டையை அங்கே வைத்து, பழையதைப் பூசி அடைத்துவிட்டுப் போனார். பிறகு டைல்ஸ்காரர் வந்தார். தரை எப்படிக் கிடந்ததோ அப்படியே அதன் மேல் ஒட்டினார். அழகாகத்தான் ஒட்டினார்.

மூன்று பேரும் சொன்ன நாளில் வந்து சொன்ன நாளில் போனார்கள். அட்டையில் ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை. டைம் கீப்பர் அதைப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டார்.

கோப்பையைப் பொருத்துவதற்கு முந்தைய நாள், தரையைக் கழுவலாம் என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் ஜன்னல் பக்கத்து ஓட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்து நடந்து, படியைத் தாண்டி, கூடத்தில் மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலைத் தொட்டு நின்றது. அவள் புடவைத் தலைப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவர் மனசுக்குள் அவளுக்கு நன்றி சொன்னார்.

கொத்தனாரைக் கூப்பிட்டார். "ஓட்டையை மாத்தினதை என்கிட்ட யார் சொன்னா சார்?" பிளம்பரைக் கூப்பிட்டார். "உங்களைக் கேட்டுட்டுத்தானே சார் மாத்தினேன்?" டைல்ஸ்காரர் போனையே எடுக்கவில்லை. மூன்று பேரும் வேறு வேறு கட்டடங்களுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் வருகிறேன் என்ற நாளில் மற்றவர் வர மாட்டார். தரையை மறுபடி இடிக்காமல் கோப்பையை வைக்க முடியாது என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே பேச்சாக இருந்தார்கள்.

புதுக் கோப்பை கூடத்தில், அட்டைப் பெட்டி கிழிந்து, சுவரோரமாக உட்கார்ந்திருந்தது. யாராவது வந்தால் என்ன நினைப்பார்கள் என்று அவர் அதன் மேல் ஒரு போர்வையைப் போர்த்தினார். போர்த்திய பிறகு அது குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற விருந்தாளி மாதிரி இருந்தது. அதைவிட மோசம்.

தன் தேவைக்கு அவர் டிப்போவுக்கு நடந்தார். பழைய ஆட்களைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு காலையில் கிளம்புவார். "ரிட்டயரானாலும் மனுஷன் டியூட்டியை விட மாட்டேங்கறாருப்பா" என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் பின்பக்கம் போவார்.

மனைவி பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு டீச்சர் தனியாக இருந்தார். மாற்றுத் துணியையும் துண்டையும் ஒரு பையில் மடித்துப் போட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, பக்கத்து வீட்டுப் படியில் அவள் ஒரு கால், ஒரு கால் என்று ஏறுவதை அவர் ஜன்னலிலிருந்து பார்ப்பார். பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். கூடப் போய்க் கைகொடுத்தால், எதற்காகப் போகிறார்கள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. தெருவுக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது.

ஒரு நாள் டீச்சர் அவரை வாசலில் பார்த்து நிறுத்தினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா தினமும் எங்க பாத்ரூமைத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் வர்றாங்க. வேண்டாம்னா கேக்க மாட்டேங்கறாங்க. அந்தக் காலை வெச்சுக்கிட்டு எதுக்கு சார்? நீங்களாவது சொல்லுங்க."

"சொல்றேன்மா" என்றார். வீட்டுக்குள் வந்தார். சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

அந்த வாரமே மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றில் வலி, எரிச்சல். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சிறுநீரில் கிருமி என்றார்.

"தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேன்மா."

"பார்த்தா அப்படித் தெரியலையே. இனிமே நிறைய குடிக்கணும், சரியா? சார், நீங்க பக்கத்துல இருந்து பார்த்துக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கி, ஒரு வாய் நனைத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"குடி."

"அப்புறமாக் குடிக்கிறேங்க. இப்பக் குடிச்சா டீச்சர் தூங்கற நேரத்துல போய்க் கதவைத் தட்டற மாதிரி ஆயிடும். பாவம், அவங்களும் வேலைக்குப் போயிட்டு வர்றவங்க."

குறை சொல்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கு, துணியை எடுக்கணும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சாயங்காலத்துக்கு மேல் அவள் தண்ணீர் குடித்தே எத்தனையோ நாளாகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரே தட்டில் இல்லாவிட்டாலும் ஒரே மேஜையில்தான் தினமும் சாப்பிட்டார்கள். அவள் டம்ளர் அப்படியே இருப்பதை அவர் கண் பார்த்திருக்கிறது. பார்த்தும் பார்க்கவில்லை. கூடத்துச் சுவரில் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதைக் கழற்றினார். கழற்றிய இடத்தில் ஆணி மட்டும் நின்றது.

மறுநாள் மச்சினன் வேலை செய்துகொண்டிருந்த இடத்தை விசாரித்துக்கொண்டு போனார். பாதி எழும்பிய வீடு. உள்ளே கொத்தனாரும் பிளம்பரும் ஒரு பள்ளத்தைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். "நீ குழாயை இங்க விட்டா நான் தரையை எங்கய்யா இறக்கறது?" "அதை நேத்தே சொல்லித் தொலைக்கறதுதானே?" இருவருக்கும் நடுவில் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். அவன் எதுவும் தூக்கவில்லை, எதுவும் பூசவில்லை. இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் திருப்பிச் சொன்னான். சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டான். இருவரும் கோட்டைப் பார்த்தார்கள், முணுமுணுத்தார்கள், வேலைக்குக் குனிந்தார்கள்.

திரும்பியவன் அத்தானைப் பார்த்ததும் சாக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

"வாங்க அத்தான். அக்கா நல்லா இருக்கா? பாத்ரூம் வேலையெல்லாம் பிரமாதமா முடிஞ்சிருச்சாமே. போன்ல ஒரே பெருமை. 'உங்கத்தான் ஒரு நாள் பிசகாம முடிச்சுட்டார்டா'ன்னு. என்னைக் கூப்பிடலையேன்னு எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பரவாயில்ல, அக்காவுக்கு நல்லதா அமைஞ்சா சரி."

டைம் கீப்பர் நின்றார். அவள் அவருக்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தாள். 'ஆமாப்பா, முடிஞ்சது, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போகலாம். மானம் மிஞ்சும். தொண்டை வரைக்கும் அந்த வார்த்தை வந்தும் விட்டது. அப்போது அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது ஒரு வாய் நனைத்துவிட்டு வைத்த டம்ளர்.

"முடியலப்பா. தண்ணி உள்ள போகாம வெளிய வருது. கோப்பை இன்னும் கூடத்துலதான் கிடக்குது. உங்கக்கா பொய் சொல்லியிருக்கா, எனக்காக."

 மச்சினன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். பழைய மத்தியானத்தை எடுத்து முகத்தில் வீசுவான் என்று எதிர்பார்த்தார். அதற்கெல்லாம் வழி நெடுகப் பதில்கூடத் தயார் செய்திருந்தார். அவன் கேட்டது வேறு.

"அக்கா எங்க போயிட்டு வருது?"



"பக்கத்து வீட்டுக்கு."

"அந்தக் காலோடவா?"

அவர் தரையில் இருந்த சாக்கட்டிக் கோட்டைப் பார்த்தார். மச்சினன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வேட்டி நுனியோ கர்சீப்போ ஏதோ ஒன்றால் கண்ணைத் துடைத்தான். சிமெண்ட் தூசி என்று சொல்லிக்கொண்டான்.

அடுத்த நாளே ஆட்களோடு வந்து இறங்கினான். டைம் கீப்பர் பேசிய அதே கொத்தனாரையும் பிளம்பரையும் டைல்ஸ்காரரையும் எங்கிருந்தோ பிடித்து, ஒரே நேரத்தில் குளியலறைக்குள் நிறுத்தினான். மூன்று பேரும் கத்தினார்கள். டைம் கீப்பர் வழக்கம்போல எழுந்து வெளியே போகப் பார்த்தார். மச்சினன் வாசலை மறித்துக்கொண்டு நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்:

"என்ன அத்தான், நான் கொஞ்ச நேரம் நடுவுல நிக்கலாமா?"

கொத்தனாருக்கு அதன் அர்த்தம் தெரியாது. கூடத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குத் தெரியும். அவள் தலை குனிந்துகொண்டாள். டைம் கீப்பர் வாசலிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "நில்லுப்பா" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் மனைவி கேட்டாள்.

"தம்பிகிட்ட நான்தான் மூடி வெச்சிருந்தேன்ல? நீங்களே போய் எதுக்கு உடைச்சீங்க?"

"நீ தண்ணி குடிக்காம மூடி வெச்சதையும்தான் பார்த்துட்டேனே."

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. கோபம் முழுசாகப் போகவும் இல்லை. தம்பி முன்னால் புருஷன் குனிந்து நின்றதை அவளால் அத்தனை சுலபமாக ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

வேலை முடிந்து அவள் முதல் தடவை உள்ளே போனபோது, அவர் கதவுக்கு வெளியே நின்று படியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. படி காய்ந்தே இருந்தது. மறுபடி சத்தம் கேட்டது. மறுபடி பார்த்தார்.

"என்னங்க" என்று உள்ளேயிருந்து குரல். "வாசல்ல நிக்கறீங்களா?"

"இல்ல."

"நிழல் தெரியுது. போங்க அந்தப் பக்கம். வண்டி தானா வெளிய வரும்."

நகர்ந்தார். சாப்பிடும்போது அவள் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெறும் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் நிரப்பினார். முகத்தைப் பார்த்து ஊற்ற முடியவில்லை, தண்ணீரைப் பார்த்தே ஊற்றினார்.

மச்சினன் அதற்குப் பிறகு அத்தான் இருக்கிற நேரத்திலேயே வந்து போனான். அந்த மத்தியானத்தைப் பற்றி அவர் அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. பல தடவை வாயெடுத்தார், வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலையைக் கடைசி வரைக்கும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கை நடுங்க ஆரம்பித்து, டம்ளரில் பாதியும் மேஜையில் பாதியும் விழுந்த காலத்திலும்கூட. மனைவி மேஜையைத் துடைத்துவிட்டு, டம்ளரில் இருந்ததைக் குடித்துவிட்டு, மறுபடி நீட்டுவாள்.