ஆளுக்கு ஒரு கிலோ

போன ஞாயிறு எங்களை க்ரொய்ஸ்லிங்கன் எல்லையில் மறித்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட மறிக்காதவர்கள் — அன்றைக்கென்று பார்த்து!

நாங்கள் இருப்பது சுவிட்சர்லாந்தின் வில் நகரில். மனைவி சுகந்தியின் அக்கா வதனி இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியின் கொன்ஸ்ரான்ஸில். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டுப் பின்னேரம் திரும்பிக்கொண்டிருந்தோம்.

ஷெங்கன் ஒப்பந்தம் வந்ததிலிருந்து இந்த எல்லையில் பாஸ்போர்ட்டை அநேகமாக யாரும் கேட்பதில்லை. மனிதர்கள் தங்கள் பாட்டுக்குப் போய் வரலாம். இறைச்சி அப்படி வர முடியாது! ஆளுக்கு ஒரு கிலோதான். கூடினால் சொல்லி வரி கட்ட வேண்டும். அதனால்தான் கொன்ஸ்ரான்ஸுக்கு மலிவாகச் சாமான் வாங்கப் போகிற நம்மாட்கள் காரில் ஒரு சீட்டையும் சும்மா விடுவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை, லோசானிலிருந்து வந்த மாமி... எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். பாசம் என்றா நினைத்தீர்கள்? தலைக்கு ஒரு கிலோ!

எங்கள் காரில் இரண்டே தலைகள். இறைச்சி வாங்கும் எண்ணமே இல்லை. ஏனென்றால் செவ்வாய்க்கிழமை சுகந்திக்குக் குடியுரிமை நேர்காணல். எனக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. அவளுக்குத்தான் வேலை, பிள்ளைகள், மொழிப் பரீட்சை என்று தள்ளித் தள்ளிப் போய் இப்போது வந்திருக்கிறது. “ஒரு சின்ன ஃபைன் இருந்தாலும் இழுத்தடிப்பாங்கள்” என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஆளே இல்லாத தெருவில்கூட அவள் பச்சை விளக்கு வரும்வரை நிற்கிறாள். நானும் கூட நிற்கிறேன். வேறு வழி?

கார்க் கண்ணாடியை இறக்கினேன். இளம்பெண் ஒருத்தி, சுங்கச் சீருடையில்.

“இறைச்சி, மது, ஏதாவது இருக்கிறதா?”

நான் வாயைத் திறக்குமுன் சுகந்தி முந்திக்கொண்டாள். “இல்லை. ஒன்றுமே இல்லை.” நேர்காணலுக்குப் பழகிய சுத்தமான ஜெர்மன்!

“டிக்கியைத் திறக்க முடியுமா?”

திறந்தேன். ஐயோ!

ஒரு பெரிய சட்டி. துவாய்த் துண்டால் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. மூடியின் இடுக்கால் கறுவாவும் ஏலமும் வறுத்த தூளும் கலந்த வாசம் குப்பென்று வந்தது. சந்தேகமே இல்லை, ஆட்டிறைச்சிக் கறி. சட்டியின் அளவைப் பார்த்தால் ஒரு ஊருக்கே காணும்.

வதனியக்காவின் வேலை! நம் சனத்துக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாது. “ஒண்டும் வேண்டாம் அக்கா” என்று சுகந்தி தலைதலையாக அடித்துக்கொண்டாள். அக்காவும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினா. அக்காவின் கணவர், அத்தான் மட்டும், “திறப்பைத் தாரும் தம்பி, காரைத் திருப்பி விடுறன்” என்று என்னிடம் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். இதற்குத்தானா அது?

சுகந்தியின் முகம் வெளிறிப்போய்விட்டது. “இப்பதானே இல்லை எண்டு சொன்னனான்... பொய் சொன்னவள் எண்டெல்லோ எழுதப்போறாள்” என்றாள். இருபத்துச் சொச்ச வருஷம் காத்திருந்தது ஒரு சட்டியில் போய்விடுமா?

உள்ளிருந்து வயதான அதிகாரி ஒருவர் வந்தார். குனிந்தார். மோந்தார். “ஆடு” என்றார், தீர்ப்புச் சொல்வதுபோல.

சுகந்தி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா! சட்டிக்குள்ளை என்ன வைச்சனீங்கள்?”

“ஏனடி கத்துறாய்? பலாக்காய்.”

“என்னது?”

“பலாக்காய்க் கறி. நேர்காணல் முடியுமட்டும் மச்ச மாமிசம் தொடமாட்டன் எண்டு பிள்ளையாருக்கு நேந்திருக்கிறாய் எல்லோ? உனக்கு நான் ஆடு கட்டித் தருவனோ? இறைச்சிச் சரக்குப் போட்டு உனக்கெண்டே சமைச்சது. தம்பிக்குக் கனக்கக் குடுத்துப்போடாதை!”

தம்பி என்பது நான்தான். அந்த நேரத்தில் கோபம் வரவில்லை.

சுகந்தி துவாயை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். கரண்டியெல்லாம் தேடவில்லை. விரலாலேயே துழாவி ஒரு பலாக்கொட்டையை எடுத்து, குழம்பு சொட்டச் சொட்ட அந்தப் பெரியவரின் முன்னால் நீட்டினாள்.

“இறைச்சிக்குக் கொட்டை இருக்குமா, ஐயா?”

இளம்பெண் சிரித்துவிட்டாள். “ஜாக்ஃப்ரூட்! என் தோழி டின்னில் வாங்குவாள். ஆனால் இந்த வாசம் வராது.” பெரியவர் இன்னொரு தரம் மோந்து பார்த்தார். ஆட்டை விட மனமில்லை, பாவம். கடைசியில் தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“நன்றாகச் சாப்பிடுங்கள்” என்று வழிவிட்டாள் அந்தப் பெண்.

அப்பாடா! வைன்ஃபெல்டன் ஊரைத் தாண்டினோம். பிறகு சிரிக்கத் தொடங்கினோம் பாருங்கள்... காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. ஒரு நாட்டின் சட்டத்தையும் ஒரு அக்காவின் அன்பையும் ஒரே டிக்கியில் ஏற்றிக்கொண்டு ஓடுவதுதானே நம் வாழ்க்கை!

செவ்வாய்க்கிழமை நேர்காணல் நடந்த அறைக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நான் நின்றேன். சுகந்தி முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள். எல்லாம் திருப்தி, கடிதம் வீட்டுக்கு வரும் என்று சொன்னார்களாம்.

“பயந்தனீரோ?” என்று கேட்டேன்.

“இல்லையப்பா. முதன்முதல் அகதியா வேனுக்குள்ளை ஒளிச்சு வரேக்கை அதே எல்லையிலை டோர்ச் அடிச்சு, நீ ஆர், ஏன் வந்தனி எண்டு கேட்டவங்கள். ஞாயிற்றுக்கிழமை சட்டிக்குள்ளை என்ன எண்டு மட்டும்தான் கேட்டவங்கள். அப்பவே எனக்குத் தெரியும், நான் இந்த ஊர்க்காரி எண்டு.”