தெருவுக்கே ஒரு கார்டு

ஐப்பசி மழைக்குள் வீட்டுக்குக் கூரை போட்டாக வேண்டும். கடன் கேட்டு இன்று கோவில்பட்டி வங்கிக்குப் போனேன். அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, ஒங்க கிரெடிட் கார்டு எந்நேரமும் லிமிட்டைத் தொட்டுக்கிட்டே கிடக்கு. கிரெடிட் ஸ்கோர் இறங்கிட்டு. கடன் கிடைக்கது கஷ்டம்."

"மாசாமாசம் முழுசாக் கட்டிருதேனே?"

"சரிதான். ஆனா பில் போடுத அன்னைக்கு நிக்குத பாக்கியைத்தான் ஸ்கோர் போடுதவிய பாக்காவ."

எங்கள் தெருவில் என்னிடம் மட்டும்தான் கார்டு உண்டு. தெருக்குழாய் மாதிரி அதுவும் பொது. எல்லார் வீட்டு மோட்டாரும் செல்போனும் அதில் வாங்கியவைதான். பணத்தை ஒழுங்காகத் தந்துவிடுவார்கள்.

பசுவந்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வானம் கறுத்திருந்தது. பக்கத்து வீட்டு மாமா காத்து நின்றார்.

"மாப்ள, நாளைக்குக் கார்டைக் கொண்டாந்துரு. மவளுக்கு ஃபிரிட்ஜ் எடுக்கணும்."

தலையாட்டிவிட்டேன். மறுத்தால் ஊரில் இறங்குகிற ஸ்கோரை எப்படி ஏற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மழைக்கு முன்னால்.