அம்மாவின் மூளைப் படம்

எழுபத்தொன்பது வயதில் அம்மா புசல்லாவையில் தனியாக இருக்கக் கூடாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். போன மாதம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தது எனக்கு நல்ல சாட்டாகப் போயிற்று. மூளையைப் படம் எடுத்தால் டொக்டரே சொல்லிவிடுவார், பிறகு கண்டியில் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். இதுதான் என் திட்டம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளை சுருங்கி, அதற்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவே கறுப்பாக இடைவெளி. "அம்மாவுக்கு உங்களை அடையாளம் தெரிகிறதா?" என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். அன்று காலை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்துவைத்ததே அம்மாதான்.

அடுத்தது ஞாபகச் சோதனை. எந்தக் கந்தோருக்கு அலுவலாகப் போனாலும் பெற்றவர்களை முந்திக்கொண்டு சிங்களத்தில் பதில் சொல்லிப் பழகியவர்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாங்கள். அவர்களுக்கும் சிங்களம் புரியுமா என்று கேட்டதே இல்லை. இங்கேயும் மொழிபெயர்ப்பு நான்தான். குடை, பாலம், தேசிக்காய் என்று டொக்டர் சொன்ன மூன்றையும் என் வாயாலேயே தமிழில் சொன்னேன். சிறிது நேரம் வேறு கேள்விகள் கேட்டுவிட்டு, அந்த மூன்றையும் திரும்பச் சொல்லச் சொன்னார்.

"கொடை, பாலம், தேசிக்கா" என்றார் அம்மா.

"மூன்றாவது பிழை டொக்டர். அது தோடம்பழம்" என்று நான் அடித்துச் சொன்னேன்.

டொக்டர் தன் தாளை என் பக்கம் திருப்பினார். ஊறுகாய் போடுகிற தேசிக்காய் என்றுதான் சிங்களத்தில் எழுதியிருந்தது.

மறந்ததுகூடப் பெரிதில்லை. தோடம்பழம் என்று சத்தியம் பண்ணவே தயாராக இருந்தேனே, அதுதான் பயமாக இருந்தது. இரண்டு மாதத்தில் தண்ணீர் வைத்த இரண்டு கேத்தல்களை அடுப்பில் தீயவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் இருக்கிறவள் நான். வயது ஐம்பத்தெட்டுதான்.

"படத்தில் இப்படி இருந்தாலும் சிலருக்கு யோசனை தெளிவாகவே இருக்கும். அம்மா தாராளமாகத் தனியாக இருக்கலாம்" என்றார் டொக்டர். பிறகு குரலைத் தணித்து, "ஒரு சொல்லை மறந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்களும் ஒருநாள் வந்து காட்டுங்கள்" என்றார்.

நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். முன்பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லையாம், அம்மா. வாங்க, போவோம்."

அம்மா கதிரையை விட்டு அசையவில்லை.

"அது சரி, ஒன்னய எப்ப வரச் சொல்றாரு?"